வேலிக்குள் பொடுதலை

“இனிமேல் எதையும் பார்த்துக்க என்னால ஆகாது” என்றார் தணிகாசலம்.

வந்து நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கையில் ஒரு துணிப்பை. காலில் ரப்பர் செருப்பு.

திலகவதியம்மா கிழிந்த தண்ணீர்க் குழாயின் மேல் ரப்பர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து, இழுத்து முடிச்சுப் போட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

யார் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை என்றார் தணிகாசலம்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரைமணி நேரம் உள்ளே நடந்தால் அந்தக் குடில். மனசு ஆறாதவர்கள் திலகவதியம்மாவைத் தேடி வந்து தங்கும் இடம். ஐந்து அறைகள், ஒரு சமையல்கட்டு, உட்கார ஒரு கூடம். திலகவதியம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. தணிகாசலத்துக்கு அறுபத்தேழு. தன்னைவிடச் சின்னவரிடம் வந்து கேட்கிறோமே என்ற கூச்சம் பஸ்ஸில் வரும்போது அவருக்கு இருந்தது. குழாயைக் கட்டிய அந்தக் கைகளைப் பார்த்த பிறகு இல்லை.

உட்காரச் சொன்னார் அம்மா. உட்கார்ந்தார். சொன்னார்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி வேதவல்லி கொடியைப் பிடித்தபடியே சரிந்தாள். வலப்பக்கம் முழுதும் போயிற்று. பேச்சும் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்பது வருடம். குழாய் வழியே கஞ்சி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அத்தனையும் அவர்தான் செய்தார். ஒன்பது வருடத்தில் ஒரு புண்கூட வரவில்லை.

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிர்ந்தது.

மாசி மாதம் போய்விட்டாள்.

“எடுத்துட்டுப் போய் எல்லாம் முடிச்சு வந்து படுத்தேன், அம்மா. பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். அழலை. உடம்பு லேசா இருந்தது.”

திலகவதியம்மா மீதி ரப்பர் பட்டையைச் சுருட்டி வைத்தார்.

“ஒன்பது வருஷம் நான் செஞ்சது அவளுக்காகவா? இல்லை, செய்யணுமேன்னு செஞ்சதா? அவ மேல ஆசை இருந்திருந்தா தூக்கம் வருமா?”

பிள்ளைகள் உண்டா என்று கேட்டார் அம்மா.

ஒரே மகள், மேகலா. ஓசூரில் இருக்கிறாள். காரியம் முடிந்து போனவள், அதற்குப் பிறகு பேசவில்லை. தான் தூங்கியதைப் பார்த்துவிட்டாள், அதனால்தான் என்றார் தணிகாசலம்.

தான் இங்கேயே இருந்துவிடுவதாகவும், எந்த வேலை சொன்னாலும் செய்வதாகவும் சொன்னார். ஆனால் மாடு வேண்டாம், நோயாளி வேண்டாம், ஒரு பூந்தொட்டிகூட வேண்டாம்.

அம்மா சம்மதித்தார். பிறகு கேட்டார்.

“மண்வெட்டி பிடிப்பீங்களா, ஐயா?”

*

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு செம்மண் சரிவு. மேலே ஊற்று, கீழே குடில். நடுவில் ஒரு புல்கூட இல்லை. மழை பெய்தால் சேறு இறங்கிவந்து சமையல்கட்டு வாசலில் நிற்கும். குடிலில் சமைக்கும் செங்கமலம் சரிவின் நடுவே போகும் ஒற்றையடித் தடத்தில் ஏறி, காலையும் மாலையும் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவாள்.

இந்த மண்ணைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் என்றார் அம்மா. பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத ஒன்று.

ஏரிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். கரையோரம் தரையோடு தரையாகப் பொடுதலை படர்ந்து கிடந்தது. சிறிய இலை, ஓரத்தில் பல்பல்லாக வெட்டு. மிளகளவு பூந்தலை, அதைச் சுற்றி வெள்ளையும் ஊதாவுமாகப் பொடிப் பூக்கள். அம்மா ஒரு கொடியைப் பிடித்து மெல்ல இழுத்தார். கணுவுக்குக் கணு வேர் மண்ணைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது.

“இதை நட்டா போதும்” என்றார்.

“தண்ணி?”

“வேர் பிடிக்கிற வரைக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்லை.”

தணிகாசலத்துக்கு அது பிடித்திருந்தது.

ஆடி மாதம் முழுவதும் மண்ணைக் கொத்தினார். சாணுக்கு ஒரு கணுவாக நட்டார். கூடை கூடையாகக் கொடி கொண்டுவந்தார். குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றினார். பத்து நாளில் நட்டதெல்லாம் வாடித் தொங்கியது. பதினைந்தாம் நாள் ஒரு கணுவில் கடுகளவு பச்சை வந்தது.

அவர் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

*

முதல் மழைக்குப் பொடுதலையைவிட வேகமாகக் கோரையும் பார்த்தீனியமும் முளைத்தன.

தணிகாசலம் அம்மாவிடம் போனார். பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சொன்னீர்களே என்றார்.

“நான் பார்த்துக்கச் சொல்லலையே” என்றார் அம்மா.

அவர் திரும்பிவந்து களை பறித்தார்.

குடிலில் இருந்த இரண்டு பேர் தாங்களும் பறிப்பதாக வந்தார்கள். அரைமணி நேரம் விட்டுப் பார்த்தார். ஒருவர் கோரையோடு சேர்த்து ஒரு கொடியையும் பிடுங்கிவிட்டார். போதும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இருவரையும் அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் தண்ணீர்க் குடத்தோடு இறங்கிய செங்கமலத்தின் கால் ஒரு துளிரின் மேல் பட்டது. தணிகாசலம் பார்த்துவிட்டார். மறுநாள் வேலிகாத்தான் முள்ளை வெட்டிவந்து, கம்பு நட்டு, சரிவைச் சுற்றிலும் அடைத்தார். தடமும் உள்ளே போயிற்று.

செங்கமலம் வந்து, ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விடச் சொன்னாள். பார்த்துக் கால் வைப்பதாகச் சொன்னாள்.

“எங்க வைக்கணும்னு உனக்குத் தெரியாதும்மா” என்றார் தணிகாசலம். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

அன்றிலிருந்து அவள் வேலியின் வெளி ஓரமாகச் சுற்றிக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். தூரம் இரண்டு மடங்கு. குடம் தளும்பித் தண்ணீர் சிந்தும். மறுபடி அவள் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் பாதிக் கொடி அடித்துக்கொண்டு போயிற்று. தணிகாசலம் மறுபடி நட்டார். மார்கழியில் இருட்டோடு எழுந்து வந்து பார்த்தார். சித்திரை வெயிலில், வேர் பிடித்து மாதக்கணக்கான பிறகும், ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினார். சாப்பாட்டுக்கு மணி அடித்தால் கடைசியாக வருவார், முதலில் எழுந்து போவார். எதையும் பார்த்துக்கொள்ள முடியாது என்று அவர் சொன்னதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் தரை மூடவில்லை.

கொடிகள் படரவேண்டியதை விட்டுவிட்டு முழ உயரத்துக்கு எழும்பி நின்றன. தண்டு வெளுத்து, தொட்டால் ஒடிந்தது. தூருக்கும் தூருக்கும் நடுவே செம்மண் அப்படியே தெரிந்தது. அவர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

*

வைகாசியில் ஒரு காலை. திலகவதியம்மா வந்து முள்ளை விலக்கி உள்ளே நுழைந்தார். செருப்பில்லாத காலோடு கொடிகளின் மேல் நடந்து ஊற்று வரைக்கும் ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார்.

தணிகாசலம் களைக்கொத்தைக் கீழே போட்டார்.

“மிதிக்காதீங்க.”

வந்த நாளிலிருந்து அவர் அம்மாவிடம் அப்படிப் பேசியதில்லை.

அம்மா நின்றார். இறங்கி வெளியே வந்து, அவரை வேலியின் அந்தப் பக்கத்துக்குக் கூப்பிட்டார். செங்கமலம் சுற்றிப் போகிற பக்கம்.

எப்போதோ ஒரு கொடி வேலிக்கு அடியில் நுழைந்து வெளியே வந்திருந்தது. செங்கமலத்தின் புதுத் தடம் முழுக்க அது படர்ந்திருந்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை அவள் கால் அதன் மேல் விழுகிறது. கோரைப் பாய் விரித்த மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. எங்கும் பூ. தேனீக்கள் தாழ்வாக அலைந்தன.

தணிகாசலம் குந்தி உட்கார்ந்தார். இலைகளுக்கு நடுவே விரலை நுழைத்து மண்ணைத் தொடப் பார்த்தார். தொட முடியவில்லை.

“இதை யார் பார்த்துக்கிட்டாங்க?” என்று கேட்டார்.

அம்மா முள்வேலியைக் கையால் காட்டினார்.

“வேலியை எடுத்துடுங்க, ஐயா.”

“செத்துப்போயிடும்.”

சொன்ன பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது. அம்மா கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றார். பிறகு போய்விட்டார்.

*

மூன்று வாரம் வேலி அப்படியே இருந்தது.

ஆனியில் ஒரு மழை பெய்து ஓய்ந்த காலையில் தணிகாசலம் தானாகவே போய்க் கம்புகளைப் பிடுங்கத் தொடங்கினார். நாலு கம்பு சுலபமாக வந்தது. ஐந்தாவது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தார். அது சட்டென்று வந்துவிட்டது.

சரிவில் உருண்டார். இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் செங்கமலம். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒரு கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மேகலாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று தணிகாசலம் அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். அவள் வேலைக்குப் போகிறவள், சிரமப்படுவாள்.

மறுநாள் மத்தியானம் மேகலா வந்து நின்றாள்.

“சொல்ல வேண்டாம்னு சொன்னேனே” என்றார் தணிகாசலம்.

“நீங்க சொன்னதைக் கேட்டேன். சொல்லிட்டேன்” என்றார் திலகவதியம்மா.

மேகலாவுக்கு முப்பத்தைந்து வயது. பையை மூலையில் வைத்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பாவிடம் கேட்காமல் செங்கமலத்திடம் கேட்டாள். அன்றும் மறுநாளும் தேவைக்கு மேல் பேசவில்லை. கஞ்சி கொடுத்தாள், முகம் துடைத்துவிட்டாள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவருக்கு முதுகு எரிந்தது. ஒருக்களித்துப் படுக்க வேண்டும். தானாக முடியவில்லை.

எப்படிப் புரட்ட வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் தோளைப் பிடிக்க வேண்டும், அப்புறம் இடுப்பு, மூன்று எண்ணிவிட்டு ஒரே மூச்சில் தள்ள வேண்டும். ஒன்பது வருடம் வேதவல்லியை அப்படித்தான் புரட்டினார்.

மேகலா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவர் சொன்னபடி செய்யவில்லை. அவருடைய கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள். விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். அவ்வளவுதான். உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகினாள்.

தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தார். வலி வரவில்லை.

சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

“இப்படியும் புரட்டலாமா?”

“புரட்டலாம்ப்பா.”

“எங்க கத்துக்கிட்டே?”

தன் அம்மா விழுந்த மூன்றாம் வருடம் என்றாள் மேகலா. ஓசூரில் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளிடம் போய், இரண்டு மாதம் கற்றுக்கொண்டாள். புரட்டுவது, குளிப்பாட்டுவது, குழாய் மாற்றுவது எல்லாம். அப்பாவுக்கு மாதத்தில் நாலு நாளாவது ஓய்வு கிடைக்கட்டும் என்று ஊருக்கு வந்தாள். உன் அம்மா இப்போதுதான் தூங்கினாள், எழுப்ப வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார் அவர். அதற்குப் பிறகும் நாலு தடவை வந்து பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார். அவள் வந்தது ஞாபகம் இருந்தது. டீ போட்டுக் கொடுத்து, அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பிவைத்ததும் ஞாபகம் இருந்தது. பெண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்ததாகத்தான் ஞாபகம்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“அன்னிக்கு நான் தூங்கினதுலதான் உனக்குக் கோபம்னு நினைச்சேன்.”

“என்னிக்கு?”

“உன் அம்மாவை எடுத்த அன்னிக்கு.”

மேகலா அவரைப் பார்த்தாள்.

“அன்னிக்குத் தூங்கினீங்களா? எனக்குத் தெரியாதே.”

*

ஆடி முடிந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் மெலிந்து குச்சியாக இருந்தது. மேகலா இடையில் ஒருமுறை ஓசூர் போய்த் திரும்பி வந்திருந்தாள். அவள் தோளில் ஒரு கையும் கம்பில் ஒரு கையுமாகத் தணிகாசலம் அறையைவிட்டு வெளியே வந்தார்.

வேலியைக் காணோம். மீதிக் கம்புகளைச் செங்கமலமும் மற்றவர்களும் பிடுங்கி அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். நடுத்தடம் மறுபடி திறந்திருந்தது. களை எடுக்க ஆள் இல்லை. ஊற்றிலிருந்து யாரும் தண்ணீர் சுமக்கவில்லை. மழை பெய்தது, ஆட்கள் நடந்தார்கள். அவ்வளவுதான்.

எழும்பி நின்ற தண்டுகள் எல்லாம் சாய்ந்து, பட்ட இடத்தில் எல்லாம் வேர்விட்டிருந்தன. மேல்மூலையில் இன்னும் கொஞ்சம் செம்மண் தெரிந்தது. நடுவிலே ஒரு கோரை பூத்து நின்றது. மற்றபடி பச்சை.

தணிகாசலம் ஓரத்தில் நின்றார். தூக்கிய காலைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வைத்தார். குளுகுளுவென்று இருந்தது.

திலகவதியம்மா சரிவின் நடுவே பொடுதலையின் மேல் உட்கார்ந்திருந்தார். மேகலா அப்பாவை மெல்ல அவர் பக்கத்தில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள். கால்மாட்டில் ஒரு தேனீ பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது.

“அம்மா” என்றார் தணிகாசலம். “நான் வந்த அன்னிக்கு ஒண்ணு கேட்டேன், அவ மேல ஆசை இருந்திருந்தா எனக்குத் தூக்கம் வருமான்னு. நீங்க பதில் சொல்லலை.”

“எனக்கு எப்படித் தெரியும், ஐயா? நான் அங்க இல்லையே. கூட இருந்தவங்களைக் கேளுங்க.”

“கூட யாரும் இல்லை. நான் மட்டும்தான்...”

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

மேகலா ஒரு இலையைக் கிள்ளி விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா தன்னைப் பார்ப்பது தெரிந்து நிமிர்ந்தாள்.

“ஒரே ஒரு தடவை அம்மாகூட நான் இருந்தேன்ப்பா. ஏதோ மருந்து தீர்ந்துபோச்சுன்னு என்னை உட்காரவச்சுட்டுக் கடைக்குப் போனீங்க. அரைமணி நேரம். நான் என்னென்னமோ பேசினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க. கண்ணு இமைக்கலை. எனக்குப் பயமாக்கூடப் போச்சு.”

“அப்புறம்?”

“நீங்க வந்து வாசல் கேட்டைத் திறந்தீங்க. சத்தம் கேட்டுச்சு.”

“கேட்டதும்?”

“தூங்கிட்டாங்கப்பா.”